அப்பா எழுதித் தர நினைத்த மூன்று மா

ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் ஊரில் குடியுரிமை கொடுக்கும்போது கூடவே ஒரு செடியும் கொடுப்பார்கள். நகராட்சி மண்டபத்தில் கூட்டம். மேயர் அம்மாள் கழுத்தில் தாம்புக் கயிறு கனத்துக்கு ஒரு சங்கிலி போட்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னோம். பிறகு வரிசையாகப் போய் ஒரு சான்றிதழும், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு சாண் உயரச் செடியும் வாங்கிக்கொண்டோம். டீயும் பிஸ்கட்டும் இருந்தன. என் வீட்டுக்காரர் படம் எடுத்தார். அவர் எனக்கு முன்பே வாங்கிவிட்டவர், அதனால் அவருக்கு அன்றைக்கு டீ மட்டும்தான்.

நான் அங்கே அரசாங்க மண் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக ஒப்பந்தத்தில் இருந்தேன். நிரந்தர வேலை வேண்டுமென்றால் குடியுரிமை வேண்டும் என்றார்கள். தேசப்பற்று, துரோகம் என்றெல்லாம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வருடா வருடம் மேலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று மட்டும்தான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கும்பகோணத்துக்கு டவுன் பஸ் போகும் எங்கள் கிராமத்தில் தனியாக இருந்தார். அம்மா நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டாள். நான் ஒரே பெண். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் ஆயிதான்.

"என்ன ஆயி குடுத்தாங்க?"

"ஒரு தாளும் ஒரு செடியும்ப்பா."

"செடியா? காய்க்குமா?"

"காய்க்காது. பூக்கும்னு எழுதியிருக்கு."

"போவுது. வெறுங்கையோட அனுப்பல பாரு, அதச் சொல்லு." அப்பாவுக்கு அந்த நாட்டின்மேல் அந்த நிமிடமே ஒரு மரியாதை வந்துவிட்டது. செடியை எந்த மூலையில் வைக்க வேண்டும், எவ்வளவு பள்ளம் தோண்ட வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். பாத்தி கட்டிக் காலையும் மாலையும் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். வாய்க்கால் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்கள் அல்லவா, எங்களுக்குச் செடி என்றால் தண்ணீர்தான். நானும் அப்படியே செய்தேன். மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு, மண்ணைச் சோதிக்கிற வேலையும் பார்த்துக்கொண்டு, அப்பா சொன்னார் என்று அந்த வறண்ட தேசத்துச் செடிக்கு இரண்டு வேளையும் குடம் குடமாக ஊற்றினேன். ஒரு மாதத்தில் வேர் அழுகிச் செத்துப்போனது. அப்பா நம்பவே இல்லை. "தண்ணி ஊத்தி ஒரு செடி சாவுமா? அது என்ன எழவு செடி?" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதற்குள் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் அனுப்பிய படத்தைக் கொண்டுபோய் பிளக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாப்பில் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் பிளக்ஸ் உண்டு. குடியுரிமைக்கு வைத்தது அப்பா ஒருவர்தான் என்று நினைக்கிறேன். என் சித்தப்பா மகன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். ஒரு பக்கம் பெரிய கோயில் கோபுரம், இன்னொரு பக்கம் கங்காரு, நடுவில் மரம் நடு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி செடியோடு நான். 'ஆஸ்திரேலியா நாட்டின் குடிமகளாகப் பொறுப்பேற்ற எங்கள் குலவிளக்கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே 'வாழ்த்தி மகிழும் அப்பா' என்று அவர் படம், வெள்ளைச் சட்டையில், முறைத்த மாதிரி. அதற்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட சொந்தக்காரப் பையன்கள். எனக்கு மானம் போனது. எனக்குக் கோபம் சுருக்கென்று வரும், போன் போட்டுக் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அப்பா கேட்டுவிட்டு, "நல்லாத்தான இருக்கு?" என்றார். நான் போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

அவர் பெருமைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் அப்பா பண்ணையாள். அந்த ஊரின் பெரிய வீட்டு நிலத்தில் பிறந்ததிலிருந்து சாகும்வரை உழைத்தார், சாகும்போது அவர் பேரில் ஒரு அங்குலம் இல்லை. அப்பாவும் அதே நிலத்தில் கூலிக்கு இறங்கி, பிறகு குத்தகைக்கு எடுத்து, பெரிய வீட்டார் சென்னைக்குப் போய் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அதில் மூன்று மா வாங்கினார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அந்த வரப்பில் எங்கள் ஆட்கள் செருப்போடு நடக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் இருந்தது. பத்திரம் முடிந்த அன்றைக்கு அப்பா புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு போய் வரப்பை முழுதாக ஒரு சுற்று சுற்றினார். சுற்றி முடித்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாளும் அந்த வயலில் அவர் செருப்போடு கால் வைத்ததில்லை.

அந்த மூன்று மாவை எனக்கு எழுதித் தர வேண்டும் என்பது அவர் ரொம்ப நாள் ஆசை. ஒரே பெண்தானே, எப்படியும் எனக்கு வரத்தானே போகிறது என்று நான் தட்டிக் கழிப்பேன். அவருக்கு அது போதாது. "வர்றது வேற, குடுக்கறது வேற. எங்கப்பன் எனக்கு ஒரு அருவாளக் குடுத்துட்டுப் போனாரு. நான் என் மவளுக்கு நெலத்த என் கையால குடுத்துட்டுப் போவணும்" என்பார். பத்திரத்தில் என் பெயர் ஏறுவதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறொன்றும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். நான் போய் இறங்கியதும் பழைய பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார். இந்தியக் குடியுரிமையை விட்டதற்காக அதை ரத்து செய்து, மூலையை வெட்டித் திருப்பித் தந்திருந்தார்கள். வெட்டிய மூலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஆட்டுக்குக் காத வெட்டின மாதிரி வெட்டிட்டானுவளே" என்றார். பிறகு அதை வேட்டி மடிப்புக்குள் வைத்து பீரோவில் பூட்டினார். புதுப் பாஸ்போர்ட்டை அவர் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் பத்திரம் எழுதப் போனோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி ஒரு சின்ன அறையில் பத்திர எழுத்தர் இருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, சுவரில் காலண்டர். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பிளக்ஸில் இருந்த அதே சட்டை. மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, என் பழைய ஆதார் கார்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தான செட்டில்மெண்ட்டுங்க. மவளுக்கு."

எழுத்தர் மூலப் பத்திரத்தைப் புரட்டினார். நாலெல்லை கேட்டார். அப்பா தாளைப் பார்க்காமல் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டே என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, நீங்க உங்க ஊர் பஸ் ஸ்டாப்புல இருந்தீங்கல்ல? செடி வச்சிக்கிட்டு?"

அப்பா முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க, இவதான். நான்தான் வச்சேன்."

எழுத்தர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் வர்ற பஸ் உங்க ஊர்ல நிக்கறப்பல்லாம் உங்க மூஞ்சிதாம்மா. ஒரு மாசம் நின்னீங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப நீங்க இந்தியக் குடியுரிமைய விட்டாச்சு, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க இங்க வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். நஞ்சை புஞ்சை வாங்கக் கூடாதும்மா. தானமாவும் எழுதிக்கக் கூடாது. தெரியாம இருந்தா நான் பாட்டுக்கு இந்த ஆதார வச்சி எழுதியிருப்பேன். தெரிஞ்சிக்கிட்டு எழுத முடியாது. நாளைக்கு உங்களுக்குத்தான் வம்பு."

எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர்மேல் கோபப்பட வழியில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். சட்டத்தின்மேல் கோபப்பட்டால் அது திரும்பியா பார்க்கப் போகிறது? நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. பிளக்ஸைப் பற்றிப் பேசிய சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது.

"அப்ப எப்ப எழுதலாம்?" என்றார்.

"எழுத முடியாது பெரியவரே. ஆனா ஒண்ணும் கவலைப்படாதீங்க. வாரிசா வந்தா வச்சிக்கலாம். அதுக்கு எந்தத் தடையும் இல்ல."

"வாரிசான்னா?"

எழுத்தர் மேசையிலிருந்த தாளை அடுக்கினார். "உங்க காலத்துக்குப் பின்னால."

அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "நான் கண்ணு முழிச்சிருக்கற வரைக்கும் அவளுக்குக் கெடையாது. கண்ண மூடினா அவளுக்கு. அப்படித்தான?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தண்ணீர் முறை யாருக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். எழுத்தர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மஞ்சள் பையில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். டீக்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், தனக்கு வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் அறுவடை நடக்கும் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்கப்பனுக்கும் எழுதிக்க முடியல. எம் மவளுக்கும் எழுதிக்க முடியல. நடுவுல நான் ஒருத்தன்தான் சொந்தக்காரன்."

திரும்பவும் இந்தியக் குடியுரிமை வாங்கிவிடுகிறேன், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றெல்லாம் உளறினேன். "சும்மா இரு ஆயி" என்றார். எங்கள் பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது, பிளக்ஸ் நின்ற சவுக்குக் கட்டைச் சட்டம் இன்னும் அங்கேயே இருந்தது. அப்பா அதைப் பார்க்காமல் தாண்டிப் போனார். அதை வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு என் பெயர் ஏறியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் எங்கள் அறுப்பு. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். சாயங்காலம் தை மாதத்தில் வரக் கூடாத மழை ஒன்று தூற ஆரம்பித்தது. அவரவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பாவும் சித்தப்பா மகனும் எங்கள் குவியலை மூடினார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் அடிப்பக்கம் பார்த்தேன், அது என் பிளக்ஸ். கோபுரமும் கங்காருவும் சாயம் வெளுத்திருந்தன. என் முகம் நெல்லின்மேல் கவிழ்ந்து கிடந்தது, கன்னத்தில் பதர் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு அப்பா நிமிர்ந்தார்.

"ஒரு சொட்டு எறங்காது. நல்ல கெட்டித் துணி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல சும்மாத்தான கெடந்துச்சு ஆயி. தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

நான் அழுதேன். மழையில் நனைந்துகொண்டு அழுததால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சித்தப்பா மகன் கவனித்திருக்கிறான், பிறகு சொன்னான்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் அப்பா என்னை வயலுக்குக் கூப்பிட்டார். அறுத்த தாளுக்கு நடுவே, அறுப்புக்கு முன்பே தெளித்திருந்த உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வரப்பில் ஏறும்போது நானும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா முன்னால் நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று, எல்லையைச் சொன்னார். கிழக்கே கன்னி வாய்க்கால். தெற்கே கோயில் நிலம். மேற்கே பெரிய வீட்டார் வாத்தியாருக்கு விற்றது. வடக்கே வண்டிப் பாதை. எனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் இந்த வரப்பில்தான் கஞ்சி கொண்டுவருவேன். ஆனால் அவர் என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பத்திரத்துல ஏறலன்னா போவுது. காதுல ஏறிடிச்சுல்ல?" என்றார்.

"ஏறிடிச்சுப்பா."

"அவ்வளவுதான். குடுத்தாச்சு." இரண்டு கையையும் தட்டி மண்ணை உதறினார். ஆனால் அவருக்கு அது போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. விமான நிலையத்துக்குக் கார் ஏறும்போது, "அந்தச் சட்டம் மாறுதான்னு கேட்டுக்கிட்டே இரு ஆயி. நானும் அது வரைக்கும் இருக்கேன்" என்றார்.

சித்திரையில் போய்விட்டார். உளுந்துச் செடி பிடுங்கிக் களத்தில் போட்டுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா மகன் போன் செய்தான். நான் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் அதே சவுக்குக் கட்டைச் சட்டத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தது. பிளக்ஸ் கடையில் அப்பாவின் படம் ஏற்கெனவே இருந்ததாம், 'வாழ்த்தி மகிழும் அப்பா' படம், அதையே பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். கொள்ளியைத் தம்பி வைத்தான். சித்தப்பா மகன்தான், ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவனைத் தம்பி என்றுதான் வாய் வருகிறது.

கருமாதி முடிந்து அதே பத்திர எழுத்தரிடம் போனேன். அப்பாவின் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேசையைத் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். வாரிசுச் சான்று எங்கே வாங்க வேண்டும், பட்டா மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாக எல்லாம் சொன்னார். கடைசியில், "இப்ப ஒரு தடையும் இல்லம்மா" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து, அப்பா எனக்கு டீ வாங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாடு என்னைச் சேர்த்துக்கொண்டபோது ஒரு உறுதிமொழி கேட்டது, கையில் ஒரு செடி கொடுத்தது. நான் பிறந்த நாட்டில் ஒரு ஏக்கர் என் பேருக்கு வர என் அப்பா செத்துக் காட்ட வேண்டியிருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

வாரிசாக ஒரே ஒரு பெயர் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆவணியில், நான் மெல்பர்னில் பரிசோதனைக் கூடத்தில் யாரோ ஒருவர் நிலத்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தபோது, பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது என்று தம்பி போனில் படம் அனுப்பினான். அப்பா கண்ணால் பார்க்க ஆசைப்பட்ட தாள். என் பெயர், அதற்குப் பக்கத்தில் 'தந்தை' என்று போட்டு அவர் பெயர். கையைக் கழுவிவிட்டு வந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பியே கூப்பிட்டான். வயலை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"க்கா, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. சம்பாவுக்கு நாத்து விடணும். போன வருசத்து நெல்லே விடட்டுமா, இல்ல வேற வெத வாங்கட்டுமா? நெலம் உங்க பேர்ல இருக்கு, நீங்கதான சொல்லணும்."

"இரு தம்பி," என்றேன். "அப்பாவக் கேட்டுச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தம்பி என்னைத் திருத்தவில்லை.

"சரிக்கா," என்றான். "மெதுவா கேட்டுச் சொல்லுங்க."